மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ராமேசுவரம் டூருக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

தீபாவளி முடிந்ததும் கிளம்பும் தமிழ்நாட்டுக் கோயில் டூருக்கு இப்போது டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒரு ஏஜெண்ட் ஆள் சேர்க்கிறார். அதே ஆளிடம் பணம் கட்டி இந்த வருடத் தொடக்கத்தில் போய்வந்த குடும்பம் எங்களுடையது. புகார் கொடுத்திருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்திறங்கிய பிறகு எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் போனதில்லை. அப்பா தவறியதிலிருந்து அம்மா கேட்டது ஒன்றுதான், தை அமாவாசை அன்று ராமேசுவரத்தில் அவருக்குத் திதி கொடுக்க வேண்டும், கோயிலுக்குள் இருக்கும் கிணறுகளான 22 தீர்த்தத்திலும் குளிக்க வேண்டும். இது தோட்டத்துக் கோயிலில் எல்லாருக்கும் தெரியும், அந்த ஆளுக்கும் தெரியும். அவரே வீட்டுக்கு வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கவலைப்படாதீங்கம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். திருவிழாவுக்கு நன்கொடை வசூலித்துத் தருகிறவர், நம்ம ஆள், அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

தலைக்கு 3,600 வெள்ளி (ரிங்கிட்). அம்மா, நான், என் கணவர், மகள், தம்பி, ஐந்து பேருக்கு 18,000. பாதியை ரொக்கமாகக் கொடுத்தோம், மீதியை பேங்கில் போட்டோம், அதுவும் கம்பெனிக் கணக்கு கிடையாது, அவர் மனைவி பெயரில் இருந்த கணக்கு. அப்போதே எனக்கு உறுத்தியது. கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: டிக்கெட் கிடைக்கவில்லை, பயணம் தள்ளிப்போகிறது. புதுத் தேதிப்படி நாங்கள் திருச்சியில் இறங்குவதே அமாவாசை முடிந்து நான்காம் நாள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு விமானத்துக்கும் விடுதிக்கும் கட்டியாகிவிட்டது, ஒரு காசு வராது என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை, அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

திருச்சி விமான நிலையத்தில் வந்து நின்ற வேனில் ஏசி வேலை செய்யவில்லை. அதுகூடப் பரவாயில்லை. வேன் ஓட்டி வந்த அண்ணன் மறுநாள் தஞ்சாவூரில் டீக்கடையில் நிறுத்தி, தயங்கித் தயங்கி, "அக்கா, உங்க ஏஜெண்ட் எனக்கு மூணு நாளைக்குத்தான் பணம் அனுப்பியிருக்காரு" என்றார். ஏழு நாள் பயணம். போன் போட்டால் எடுக்கவில்லை. மீதி நாலு நாளுக்கு 22,000 ரூபாய் எங்கள் கையிலிருந்து போனது. அந்த டிரைவர் அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன், கடைசிவரை எங்களோடு நின்றவர் அவர் ஒருவர்தான்.

ராமேசுவரத்தில் "கோயிலுக்குப் பக்கத்திலேயே நல்ல விடுதி" என்றது லிஃப்ட் இல்லாத லாட்ஜில் மூன்றாம் மாடி அறை. அம்மாவுக்கு முட்டி வலி, தம்பி தாங்கிப் பிடித்துதான் ஏற்றினான். விடியற்காலையில் ஏஜெண்டின் ஆள் என்று ஒருவர் வந்தார். அக்கினி தீர்த்தத்தில், அதாவது கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் கடலில், குளித்துவிட்டு வந்ததும், உள்ளே தீர்த்தமாட ஒருவருக்கு 2,000 ரூபாய் என்றார். பேக்கேஜில் சேர்ந்தது என்று சொன்னார்களே என்றதற்கு, அது அங்கே கட்டியது, இது இங்கே கட்டுவது என்றார். ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு நிற்கும் அம்மாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாதாட முடியும்? 10,000 ரூபாய் கொடுத்தோம்.

அந்த இடம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி வரிசையாகப் போய்க் கடைசியில் கோடி தீர்த்தத்தில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு கிணற்றிலும் ஆட்கள் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். இந்த ஆள் எங்களை ஓட ஓட இழுத்துக்கொண்டு போனார், சில இடத்தில் தூரத்திலிருந்தே கை காட்டி "அதுவும் ஆச்சு" என்றார். அம்மா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். முடிந்தது என்று அந்த ஆள் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்து, "பதினாலுதானேம்மா ஆச்சு" என்றார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். ஈரத்துணியோடு கருவறைக்குப் போக விடமாட்டார்கள், மாற்றுத்துணிப் பை அந்த ஆளின் கூட்டாளியிடம். பை கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது.

அப்புறம்தான் டிக்கெட் கொடுக்கும் இடத்துப் பலகையைப் பார்த்தேன். 22 தீர்த்தத்துக்கும் சேர்த்து நபருக்கு 25 ரூபாய். ஐந்து பேருக்கு 125.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குக் காய்ச்சல். மறுநாள் காலை டிரைவர் அண்ணன் வழிகாட்ட, நானும் தம்பியும் கவுண்டரில் டிக்கெட் வாங்கி நிதானமாக 22 தீர்த்தமும் ஆடினோம், தம்பி கடற்கரையில் அப்பாவுக்குத் திதி கொடுத்தான். அம்மாவால் முடியவில்லை. 1,212 தூண் என்று சொல்கிற அந்தப் பெரிய பிரகாரத்தில் ஒரு தூணில் சாய்ந்து போர்வையோடு உட்கார்ந்திருந்தார். கோடி தீர்த்தத்திலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து அவர் தலையில் தெளித்தேன். எனக்கு அழுகை நிற்கவில்லை.

ஊருக்கு வந்து விசாரித்ததில், அவர் கடைச் சுவரில் மாட்டியிருப்பது வெறும் வியாபாரப் பதிவுச் சான்றிதழ். மலேசியாவில் காசு வாங்கிக்கொண்டு டூர் நடத்த வேண்டுமானால் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும், வெளிநாட்டுப் பயணத்துக்கு அதற்குரிய அனுமதியும் அந்த உரிமத்தில் இருக்க வேண்டும். அமைச்சின் இணையதளத்தில் கம்பெனிப் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். இவர் பெயரிலோ கடைப் பெயரிலோ ஒன்றும் இல்லை. இரண்டு நிமிட வேலை, பணம் கட்டும் முன் நான் செய்திருக்க வேண்டும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அமைச்சுக்கும் தனியாகப் புகார் எழுதியாகிவிட்டது. பேங்க் ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், டிரைவர் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாம் கையில் இருக்கின்றன. ரொக்கமாகக் கொடுத்த 9,000 வெள்ளிக்கு மட்டும் முத்திரை இல்லாத ஒரு துண்டுத்தாள்தான்.

எங்களோடு அதே விமானத்தில் வந்த இன்னும் இரண்டு குடும்பங்கள் உண்டு, கோயில்காரர்களோடு எதற்கு மனத்தாங்கல் என்று பேசாமல் இருக்கிறார்கள். நீங்கள் இதைப் படித்தால் தயவுசெய்து உங்கள் ரசீதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், விசாரணைக்குச் சேர்ந்தே போவோம். தீபாவளி டூருக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் மீதியைக் கொடுக்கும் முன் அவரிடம் உரிம எண்ணைக் கேளுங்கள்.