கஃபயாத்தேயா, ஊகோ பள்ளத்தாக்கா?

எனக்குக் குமுளியில் கடை. மலையிறங்கினால் சுருளிப்பட்டியில் குடும்பத்தின் திராட்சைப் பந்தல். அர்ஜென்டினாவின் இந்த இரண்டு மலை ஒயின் வட்டாரங்களில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எது என்று தம்பி கேட்டான்.

ஊகோ மெந்தோசா நகருக்குத் தெற்கே இருக்கிறது. சுமார் 900 முதல் 1,500 மீட்டர் உயரம், ஆண்டீஸ் பனி உருகி வரும் பாசனம், மால்பெக் சிவப்பு ஒயின். பெரிய ஒயின் ஆலைகள் நிறைய. போய்வருவதும் சுலபம்.

சால்டா மாகாணத்துக் கஃபயாத்தே சுமார் 1,700 மீட்டரில். வடக்கே, 1831-ல் தொடங்கிய கொலோமே ஆலைக்கு 3,111 மீட்டரில்கூடத் தோட்டம் உண்டு. பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் கடுங்குளிர். அதனால் பழத்தில் இனிப்பேறினாலும் புளிப்பு குறையாமல் நிற்கும். அந்த வெயிலைத் தாங்கத் தோலும் தடிக்கும்.

அங்கே பேர்போனது தொரொன்தேஸ் என்னும் வெள்ளைத் திராட்சை. அதன் தாய்தந்தையரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட் என்னும் திராட்சை ரகம். நம் கம்பம் பன்னீர் திராட்சையான மஸ்கட் ஹாம்பர்க்குக்கும் அதுவே பெற்றோர்! மஸ்கட்டின் அந்தப் பூமணம் இரண்டிலும் உண்டு. அப்புறம், தொரொன்தேஸை அங்கேயும் நம்மைப் போலவே பந்தலில் ஏற்றும் பழக்கம் இருக்கிறது.

மால்பெக்கே பிடிக்கும் என்றால், சரி, ஊகோ போகலாம். பந்தலுக்கடியில் வளர்ந்த எங்களுக்குக் கஃபயாத்தேதான். தம்பியிடமும் அதையே சொன்னேன்.