வயிற்றுக்காக ஏழு வாரம் ஹிப்னோதெரபி போனேன்

நாலு வருஷமாக பஸ் ஏறினாலே எனக்கு வயிறு கலக்கும். மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குத் தினமும் போய்வரும் டீச்சர் நான். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்புவேன். அப்படியும் செக்கானூரணி நெருங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொலனோஸ்கோப்பி வரை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐ.பி.எஸ்.தான் (Irritable Bowel Syndrome, குடல் எளிதில் கலங்கி வலிக்கும் தொல்லை), குடலில் வேறு கோளாறு இல்லை" என்ற டாக்டரே ஹிப்னோதெரபிக்கு, அதாவது மனதை ஆழ்ந்து அமைதியாக்கிச் செய்யும் சிகிச்சைக்கு, எழுதிக் கொடுத்தார். "வசியம் பண்றவங்ககிட்டயா போகப்போறே?" என்று அம்மா பயந்துபோனாள்.

முதலில் விளம்பரம் பார்த்து வேறொருவருக்குப் போன் செய்தேன். முற்பிறவியில் காரணம் இருக்கும், ஒரே சிட்டிங்கில் சரியாக்கிவிடலாம் என்றார். அப்படியே வைத்துவிட்டேன். பிறகு கே.கே. நகரில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மேடத்திடம் போனேன்.

முதல் நாள் ஹிப்னாஸிஸே கிடையாது. ஒரு மணி நேரமும் கேள்விகள்தான்: என்ன சாப்பிடுவேன், எப்போது வலிக்கும், வலிப்பு வந்ததுண்டா, மனநல மருந்து எதுவும் எடுக்கிறேனா. வயிற்று மாத்திரையை நானாக நிறுத்தக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற மருத்துவர், எந்த மருந்துக்கும் கேட்காத 30 ஐ.பி.எஸ். நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வைப் பற்றி அவர் விளக்கிய பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அதில் ஹிப்னோதெரபி எடுத்தவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்ததாம்.

இரண்டாவது வாரம் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். கண் தானாகச் சொக்கியது. பத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வந்தார். நான் தூங்கவில்லை. தெருவில் பழவண்டிக்காரர் கூவியது கேட்டது, ஆனால் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. "கையை வயித்து மேல வைங்க டீச்சர், அந்தச் சூடு உள்ளே இறங்குறதைக் கவனிங்க" என்றார். உள்ளங்கையின் வெதுவெதுப்பு தொப்புளைச் சுற்றி மெல்லப் பரவியது. அப்புறம் ஓர் ஆற்றை நினைக்கச் சொன்னார், குடலும் அதுபோல நிதானமாக ஓடுவதாக. எனக்கு வந்தது எங்கள் ஊர் வாய்க்கால், முழங்கால் அளவுத் தண்ணீரும் நாணலும். கண்ணைத் திறந்தபோது பத்து நிமிஷம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அரை மணி ஆகியிருந்தது.

வேண்டாமென்றால் எந்த நிமிஷமும் எழுந்துவிடலாம். ரகசியம் எதுவும் நம் வாயிலிருந்து தானாக வந்துவிடாது. இதை அம்மாவுக்குப் புரியவைக்கத்தான் ஒரு வாரம் ஆனது.

உண்மையான வேலை வீட்டில்தான். அவர் பேசிப் பதிவுசெய்த ஆடியோவைத் தினமும் கேட்க வேண்டும். மூன்றாவது வாரம் பரீட்சைத் தாள் திருத்துவதில் விட்டுவிட்டேன், வலி பழையபடி வந்தது. நாலாவது வாரத்திலிருந்து விடாமல் கேட்டேன்.

ஒரு சிட்டிங்குக்கு 1,200 ரூபாய். ஏழு வாரமும் போனது பெரிய செலவுதான், ஆனால் எனக்கு அது வீணாகவில்லை. வலி முழுக்கப் போகவில்லை, வாரத்தில் ஒரு நாள் தலைகாட்டுகிறது. போன திங்கள்கிழமை இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். செக்கானூரணி தாண்டியதே தெரியவில்லை, பக்கத்து சீட் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த மேடத்திடம் போகிறவர்கள் காலை பத்து மணிக்கு நேரம் கேட்டு வாங்குங்கள். மாலையில் கீழ்த்தளத்து டியூஷன் சென்டர் சத்தம் அதிகம். சனிக்கிழமை வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.