ஈஎன்எஸ் சப்கிராஃப்: நாலு வருடம் பயன்படுத்திய பிறகு

எங்கள் கிரிப்டோ வாலட்டில் ‘என் பெயர்கள்’ என்று ஒரு பக்கம் உண்டு. முகவரியை இணைத்ததும் அந்த ஆளிடம் இருக்கும் டாட் எத் பெயர்கள் (நீளமான எத்தீரியம் முகவரிக்குப் பதிலாகச் சொல்லும் எளிய பெயர்கள்) எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், எது எப்போது காலாவதி ஆகிறது என்பதோடு. இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் 2021-இல் ஈஎன்எஸ் சப்கிராஃபை முதலில் எடுத்தோம். ஈஎன்எஸ் என்பது அந்தப் பெயர்களைத் தரும் எத்தீரியம் பெயர் சேவை, சப்கிராஃப் என்பது அதன் தரவைத் தேடிக் கேட்க வசதியாக அடுக்கி வைக்கும் இன்டெக்ஸ். அப்புறம் தேடல், காலாவதி நினைவூட்டல், கடைசியில் பணம் அனுப்பும் பெட்டி வரை எல்லாவற்றையும் அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போனோம். சாதாரண நாட்களில் இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. எதையெல்லாம் இதன் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம் என்பது ஈஎன்எஸ் தன் அமைப்பை மாற்றும் அப்கிரேட் வாரங்களில்தான் தெரியவரும்.

முதலில் இது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2017 மே மாதம் தொடங்கிய ஈஎன்எஸ்ஸின் பதிவேடு, ஒவ்வொரு பெயருக்கும் உரிமையாளர், ரிசால்வர் (பெயருக்குரிய முகவரியைச் சொல்லும் கான்ட்ராக்ட், அதாவது செயினில் ஓடும் நிரல்), தற்காலிகமாகச் சேமித்து வைத்துக்கொள்ளும் கால அளவு என்று மூன்றே மூன்று விஷயங்களை வைத்திருக்கிறது. பெயரையும் எழுத்தாக வைப்பதில்லை, ஹாஷாகத்தான் (அதிலிருந்து கணக்கிட்ட, திருப்பிப் படிக்க முடியாத குறியீடு) வைக்கிறது. ‘மல்லிகை.எத் எந்த முகவரி?’ என்று கேட்டால் பிளாக்செயினே (சுருக்கமாகச் செயின்) பதில் சொல்லிவிடும். ‘இந்த முகவரியிடம் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன?’ என்று திருப்பிக் கேட்டால் பதிவேட்டிடம் நேரடியான பதில் கிடையாது. முதல் நாளிலிருந்து நடந்த ஒவ்வொரு ஈவென்ட்டையும் (செயினில் கான்ட்ராக்ட் பதிந்து வைக்கும் குறிப்பு) யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்து வரிசைப்படுத்தி வைத்திருக்க வேண்டும். அந்த வேலையைத்தான் தி கிராஃப் என்ற பிளாக்செயின் இன்டெக்ஸ் சேவையின் மேல் ஓடும் இந்த சப்கிராஃப் செய்கிறது. நிரல் திறந்த மூலம், விரும்பினால் நாமே ஓட்டிக்கொள்ளலாம். ஒரே குவெரியில் (கேள்வியில்) பெயர், உரிமையாளர், பதிவு நாள், ரிசால்வர் எல்லாம் கைக்கு வந்துவிடும். ஹாஷிலிருந்து பெயரைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒரு பெரிய அட்டவணையையும் பயன்படுத்துகிறது. அதிலும் சிக்காத துணைப் பெயர் (இன்னொரு பெயரின் கீழ் வரும் பெயர்) என்றால் எழுத்துக்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குள் நீளமான ஹாஷ் வந்து நிற்கும். பயனர்கள் அதைப் பார்த்துப் பயந்துபோகிறார்கள், நீங்களே அதை அழகாகக் காட்ட வழி செய்துவிடுங்கள்.

சரி, அப்கிரேட் கதைக்கு வருகிறேன்.

2023-இல் நேம் ரேப்பர் என்ற கான்ட்ராக்ட் வந்தது. பெயரை அதற்குள் போட்டு மூடினால் பதிவேட்டில் உரிமையாளர் என்ற இடத்தில் ரேப்பர் கான்ட்ராக்ட்டின் முகவரி போய் உட்கார்ந்துகொள்ளும். நிஜமான ஆள் யார் என்பதற்கு சப்கிராஃபில் தனியாக ஒரு புலம் (தரவு வைக்கும் கட்டம்) சேர்த்தார்கள். எங்கள் குவெரியோ பழைய உரிமையாளர் புலத்தையே கேட்டுக்கொண்டிருந்தது. ஆக, ரேப்பருக்குள் போட்டவர்களுடைய பெயர்கள் அவர்களின் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பிழைச் செய்தி இல்லை, எதுவும் உடையவில்லை, பட்டியல் மட்டும் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஒருவர் ‘என் பெயரை யாரோ திருடிவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுதிய அந்த ராத்திரியை நான் மறக்கவே மாட்டேன்.

காலாவதித் தேதியிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. பதிவு என்ற பிரிவில் உள்ள காலாவதி நாள் ஒன்று, டொமைன் என்ற பிரிவில் உள்ள காலாவதி நாள் வேறு. இரண்டாவதில் காலாவதிக்குப் பிறகும் புதுப்பிக்க விடும் 90 நாள் சலுகைக் காலத்தையும் கூட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் புலப்பெயர் ஒன்றுதான். தப்பானதை எடுத்தால் ‘இன்னும் மூன்று மாதம் இருக்கிறது’ என்று பயனரிடம் தைரியமாகச் சொல்லிவிடுவோம். எடுப்பதற்கு முன்னால் புலங்களை வரையறுக்கும் ஸ்கீமா கோப்பில் உள்ள விளக்கங்களைப் பொறுமையாகப் படியுங்கள்.

இதையெல்லாம் விட எங்களை உலுக்கியது வேறொன்று. இந்த சப்கிராஃபின் ஒரு நகலை வேறொரு நிறுவனம் கட்டணத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தது, பெயர் வேண்டாம். வேகத்துக்காக நாங்கள் கொஞ்ச நாள் அதில் இருந்தோம். புதிய கான்ட்ராக்ட் ஏதாவது வந்தால் அதன் முகவரியை சப்கிராஃபின் மேனிஃபெஸ்ட்டில் (எதையெல்லாம் படிக்க வேண்டும் என்ற பட்டியலில்) சேர்த்துப் புதிய பதிப்பாக வெளியிட வேண்டும், அந்தப் பதிப்பு பழைய பிளாக்குகளையெல்லாம் (பரிவர்த்தனைகளைச் சேர்த்து வைக்கும் தொகுதிகள்) மறுபடி படித்து வரவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நகல் நடுவில் ஒரு பிளாக்கில் அப்படியே நின்றுவிட்டது. ஏபிஐ (எங்கள் நிரல் தரவு கேட்கும் வாசல்) மட்டும் வழக்கம்போல ‘200 ஓகே’, அதாவது எல்லாம் சரி, என்று பதில் தந்துகொண்டே இருந்தது. பணம் அனுப்பும் பெட்டியும் முகவரியை அங்கிருந்துதான் எடுத்தது. ஒரு பயனர் அந்த வாரம்தான் தன் பெயரைப் புதிய வாலட்டுக்கு மாற்றியிருந்தார், நாங்கள் பழையதைக் காட்டினோம். அனுப்ப இருந்தவர் போன் போட்டுக் கடைசி நாலு எழுத்தைச் சரிபார்த்ததால் பணம் தப்பியது. அந்த நிறுவனம் நிலவரத்தைச் சொல்லியிருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் காசு போகும் பாதையில் இன்டெக்ஸை வைத்தது எங்கள் தப்பு, அதை வேறு யார் மேலும் தள்ள முடியாது.

இப்போது முகவரி வேண்டுமென்றால் யூனிவர்சல் ரிசால்வர் என்ற ஈஎன்எஸ் கான்ட்ராக்ட் வழியாக நேரே செயினைத்தான் கேட்கிறோம். யூனி.எத் போன்றவற்றின் கீழ் செயினுக்கு வெளியே வாழும் துணைப் பெயர்களுக்கும் இதுதான் வழி. அவற்றுக்கு ஈவென்ட்டே கிடையாது என்பதால் சப்கிராஃபின் கண்ணில் படவே படாது. பட்டியல், தேடல், வரலாறு ஆகியவற்றுக்கு மட்டும் சப்கிராஃப். ஒவ்வொரு குவெரியோடும் அதன் மெட்டா விவரத்தையும் சேர்த்துக் கேட்கிறோம், எந்த பிளாக் வரை படித்திருக்கிறது, இன்டெக்ஸ் பிழை உண்டா என்று அதுவே சொல்லிவிடும். செயினின் கடைசி பிளாக்கிலிருந்து 50 பிளாக், அதாவது சுமார் 10 நிமிடம், பின்தங்கினாலே பக்கத்தின் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும். இதைச் செய்ய ஒரு மதியம்தான் ஆயிற்று. முதல் நாளே செய்திருக்கலாம்.

2024 ஜூன் 12-இல் தி கிராஃபின் பழைய ஹோஸ்டட் சேவையை மூடினார்கள். முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள், ஆனாலும் பழைய முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு ஓட்டமும் நடையுமான மாதம். இப்போது ஏபிஐ சாவி வேண்டும். மாதம் 1,00,000 குவெரி வரை இலவசம், சின்ன ஆப்புக்கு அது தாராளம்.

அடுத்து வருவது ஈஎன்எஸ்ஸின் புதிய பதிப்பான ஈஎன்எஸ் வி2. இதுவரை எல்லாப் பெயருக்கும் ஒரே பதிவேடு. இனி ஒவ்வொரு பெயருக்கும் அதற்கென்று தனிப் பதிவேடு இருக்கலாம். 2020-இல் பழைய பதிவேட்டை விட்டுப் புதியதற்கு மாறியபோது சப்கிராஃப் அதைத் தாங்கிக்கொண்டது, இன்றும் மாறியாயிற்றா இல்லையா என்று சொல்லும் புலம் அதில் இருக்கிறது. இந்த முறை கட்டமைப்பே வேறு. போதாததற்கு பேஸ்.எத் போலத் துணைப் பெயர்கள் வேறு செயின்களில் இருக்கின்றன, ஒரு சப்கிராஃப் ஒரு செயினைத்தான் பார்க்கும். நேம்ஹாஷ் லேப்ஸ் உருவாக்கும் ஈஎன்எஸ்நோட் பல செயின்களையும் படித்து, பழைய சப்கிராஃப் குவெரிகளுக்கும் அதே வடிவில் பதில் தருகிறது, மாற்று வேண்டுவோர் அதையும் பாருங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் இன்றும் ஈஎன்எஸ் சப்கிராஃபைத்தான் சொல்வேன், பட்டியலுக்கு இவ்வளவு முழுமையான தரவை நாமே சேர்த்து எடுப்பது பெரும்பாடு. நாங்கள் இப்போது சப்கிராஃப், ஈஎன்எஸ்நோட் என்ற இரண்டு இன்டெக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, 200 பெயர்களைத் தினமும் ராத்திரி ஒப்பிடுகிறோம். இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால் செயின் சொல்வதை எடுத்துக்கொள்கிறோம். நேற்று ராத்திரி இரண்டு பெயர்களில் வித்தியாசம் வந்தது, இரண்டுமே ரேப்பருக்குள் போட்டவை.