மருத்துவமனைச் செயலி: வளவுக்குப் பூட்டுண்டு, அறைக்கு இல்லை

காரைக்குடியில் அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் காட்டிவரும் தனியார் மருத்துவமனை, தன் கைபேசிச் செயலியை அண்மையில் புதுப்பித்திருக்கிறது. பரிசோதனை முடிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் அதில் பார்க்கலாம். மருத்துவப் பதிவுகளை இணைப்பதற்காக அரசு தரும் 14 இலக்க ஆபா (ABHA) எண்ணையும் இணைக்கலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருந்தும், இவர்கள் இப்போதே வேலையைத் தொடங்கியது பாராட்டுக்குரியது.

எனக்குப் பிடித்தது ஒப்புதல் பக்கம். முன்பு ஆங்கிலத்தில் நீண்ட விதிமுறைகளும் அவற்றின் கீழ் ஒரே ஒரு கட்டமும் இருந்தன. அதைத் தொடாமல் உள்ளே போக முடியாது. இப்போது எந்தத் தகவல் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது தமிழில் தனித்தனியாக இருக்கிறது. அப்பச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்து, "வைத்தியத்துக்குச் சரி, விளம்பரத்துக்கு எதுக்கு?" என்று கேட்டு அந்தக் கட்டத்தை விட்டுவிட்டார்கள். செயலி மறுக்காமல் திறந்தது.

கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இங்கே நான்கு திரைகளைக் கடந்தபின் "அலுவலகத்தை நேரில் அணுகவும்" என்று வருகிறது.

பெரிய குறை வேறு. அப்பச்சி, ஆத்தா, அத்தை மூவரின் பதிவுகளும் என் ஒரே கைபேசி எண்ணின் கீழ் இருக்கின்றன. திறந்தால் மூன்றும் திறந்துவிடும். நம் செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றிய வளவு பொதுவானாலும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், தனி அறை, தனிச் சாவி உண்டு. அந்த ஏற்பாடு இதில் இல்லை. போதாக்குறைக்கு, பூட்டிய திரையிலேயே முடிவுகள் எண்ணோடு ஒளிர்கின்றன. ஒரு கல்யாணப் பந்தியில் அத்தையின் சர்க்கரை அளவைப் படித்துவிட்ட பக்கத்து இலைக்காரர், அது எனக்கென்று நினைத்து, பாயசம் பரிமாற வந்தவரைத் தடுத்தே விட்டார்.

மருத்துவமனை மேசையிலோ, "ஐயா, ஓடிபியைச் சத்தமாச் சொல்லுங்க" என்கிறார்கள், வரிசையே கேட்கிறது. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுள்ள சட்டத்துக்காகச் செயலியை மாற்றியவர்கள், மேசையில் இருப்பவருக்கும் ஒருநாள் பயிற்சி கொடுத்திருக்கலாம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். தனிப் பூட்டு வரும்வரை அத்தையின் கணக்கு வேண்டாமென்று நீக்கச் சொல்லிவிட்டேன். அதற்கும் நேரில்தான் போக வேண்டியிருந்தது.