தக்காளிச் சாஸுக்கு ஒரு சுற்றுச் சல்லடை: 13 கிலோவுக்குப் பிறகு

சென்ற தை மாதம், சென்னை தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு பாத்திரக் கடையில் 1,450 ரூபாய் கொடுத்து, வெந்த தக்காளியைக் கையால் சுற்றிக் கூழாக்கும் எவர்சில்வர் சல்லடை ஒன்றை வாங்கினேன். பெட்டியில் ‘ஃபுட் மில்’ என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரர் ‘ஜூஸ் சல்லடை’ என்று சொல்லி விற்றார். மூன்று முறை, மொத்தம் 13 கிலோ தக்காளியை இதில் சுற்றிப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

வாங்கியதற்குக் காரணம் அப்பாவின் தோள்பட்டை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உடன் வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ இந்தியப் பெரியவரிடம் கற்றுக்கொண்ட தக்காளிச் சாஸை, விலை சரியும் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாக ஒதுக்கி அப்பா காய்ச்சுவார். மொத்தக் காய்கறிச் சந்தை கொத்தவால் சாவடியில் இருந்தவரை அங்கேயும், 1996இல் அது கோயம்பேட்டுக்கு மாறிய பின் அங்கேயும் சென்று கூடையாக வாங்கி வருவார். சாஸ் ஊற்றுவதற்குப் பழைய பேப்பர் கடையிலிருந்து குவார்ட்டர் பாட்டில்களை வாங்கி வந்து வெந்நீரில் ஊறப்போடுவதும் அவர்தான். அந்தப் பாட்டில்களின் லேபிளை ஒரு துணுக்கு விடாமல் சுரண்டி எடுத்த பிறகே அம்மா அவற்றை அடுக்களைக்குள் அனுமதிப்பார். வெந்த தக்காளியை மாவுச் சல்லடையில் கொட்டிக் குழிக்கரண்டியின் முதுகால் தேய்த்தெடுக்க 4 கிலோவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். 74 வயதில் அது அவரால் முடியவில்லை.

மிக்சியில் அரைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். அப்பா அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. நான் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். ஒரு முறை அவருக்குத் தெரியாமல் அரைத்துப் பார்த்தேன். விதைகள் உடைந்து நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கியது. காற்று கலந்து நுரைத்ததில் நிறமும் வெளிறி ஆரஞ்சானது. சுற்றுச் சல்லடை எதையும் வெட்டுவதில்லை. கைப்பிடியைச் சுற்றினால், வில்லின் அழுத்தத்தோடு சரிந்து நிற்கும் தகடு சதையைத் துளைகளின் வழியே கீழே தள்ளுகிறது. தோலும் விதையும் மேலே நின்றுவிடுகின்றன. துளைகள் அடைத்துக்கொள்ளும்போது இரண்டு சுற்று பின்னோக்கிச் சுற்றினால் தகடே அவற்றைச் சுரண்டி விடுகிறது. உடன் வந்த மூன்று துளைத் தட்டுகளில் மிக நுண்ணியதுதான் சாஸுக்கு ஏற்றது. சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளி 4 கிலோவை 15 நிமிடத்தில் முடித்தேன். கடைசியில் மிஞ்சிய சக்கை உலர்ந்த நாராகவே இருந்தது. நாட்டுத் தக்காளியில் சாறும் விதையும் அதிகம் என்பதால், சிறு விதைகள் சில நுண்துளையையும் கடந்து விழுந்துவிட்டன. புளிப்புக்காக அப்பா எப்போதும் நாலில் ஒரு பங்கு நாட்டுத் தக்காளி சேர்ப்பார். அந்த அளவோடு நிறுத்தினால் தொல்லை இல்லை.

ஆனால் இந்தக் கருவி நடுவில் வரும் ஒரு வேலையை மட்டுமே எளிதாக்குகிறது. சாஸின் தரம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. தக்காளியை நறுக்கிக் குவித்துவிட்டுப் பிறகு அடுப்பேற்றினால், வெட்டுப்பட்ட சதையிலுள்ள நொதிகள், கூழுக்குக் கெட்டித்தன்மை தரும் பெக்டினைச் சிதைத்துவிடுகின்றன. எவ்வளவு நன்றாகக் கூழெடுத்தாலும் அந்தச் சாஸ் நீர் பிரிந்தே நிற்கும். அடி கனமான பாத்திரத்தைச் சூடாக்கி, நறுக்க நறுக்க அதிலேயே போட்டு உடனே கொதிக்கவிடுவது அப்பாவின் வழக்கம். நொதி, பெக்டின் என்ற சொற்களை அவர் அறியமாட்டார். முதல் கூடையிலேயே அவருக்குக் கற்றுத்தரப்பட்டது அது.

கூழெடுத்த பின் காய்ச்சுவதுதான் நீண்ட வேலை. தக்காளியில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். கடையில் விற்கும் தக்காளிச் சாஸிலோ கரையும் திடப்பொருள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. எனவே கூழ் மூன்றில் ஒரு பங்காக வற்றும்வரை கிளறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு கிலோ கூழுக்கு 75 கிராம் சர்க்கரையும் 10 கிராம் உப்பும் அப்பாவின் கணக்கு. சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கை முதலிலும் மீதியை இறக்கும் நேரத்திலும் போட்டால்தான் சிவப்பு கருக்காது. வெங்காயம், பூண்டு, இஞ்சி, பட்டை, மிளகு, சீரகம் ஆகியவற்றோடு தலை கிள்ளிய கிராம்பையும் மல்துணியில் முடிந்து கூழில் தொங்கவிடுவார். கிராம்பின் தலையில் உள்ள துவர்ப்பு சாஸைக் கறுக்கவைக்கும் என்பதால் அந்தக் கிள்ளல். தட்டில் ஒரு சொட்டு விட்டு, அதைச் சுற்றி நீர் வளையம் பிரியவில்லை என்றால் பதம் வந்துவிட்டது. கிலோவுக்கு 25 மில்லி வினிகரை அப்போது ஊற்றுகிறோம். பதப்படுத்தும் உப்பு எதுவும் சேர்க்காததால் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்கிறோம். ஒரு மாதத்தைத் தாண்டவிடுவதில்லை.

கருவியின் குறைகளுக்கு வருகிறேன். பெட்டியில் ‘முழுவதும் எவர்சில்வர்’ என்று போட்டிருக்கிறது, அது உண்மையில்லை. இரண்டாம் முறை கழுவி வைத்த மறுநாளே நடுவிலுள்ள வில்லில் துருப்புள்ளிகள் தெரிந்தன. கடைக்குக் கொண்டுபோனால், உதிரிப்பாகம் வராது, வேண்டுமானால் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்தச் சிரிப்புக்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கலாம். நல்லவேளையாக வடசென்னையில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வியாசர்பாடியில் ஒருவர் அதே அளவில் துருப்பிடிக்காத வில் ஒன்றை 120 ரூபாய்க்குச் சுற்றிக் கொடுத்தார், இப்போது தகடு முன்னைவிட இறுக்கமாக அழுத்துகிறது. பாத்திர விளிம்பில் ஊன்றும் மூன்று கால்களும் குட்டை என்பதால், வாய் அகன்ற அண்டாவின் மேல் இது நிற்காது. நடுத்தரக் குண்டானில் கூழெடுத்துத்தான் அண்டாவுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. துளைத் தட்டின் ஓரம் கூர்மையானது, கழுவும்போது விரலில் கவனம் தேவை.

மாதம் அரை கிலோ சாஸ் போதும் என்பவர்களுக்கு இது தேவையில்லாத செலவு. மாவுச் சல்லடையே போதும். ஒரே மூச்சில் 3 கிலோவுக்கு மேல் காய்ச்சுகிறவர்கள், வில்லுக்கான 120 ரூபாயையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டு வாங்கலாம்.

முதல் முறை காய்ச்சியபோது அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தார். தட்டில் விட்ட சொட்டைச் சாய்த்துப் பார்த்து, விரலால் வழித்து நக்கிவிட்டு, “நல்லாத்தாம்மா இருக்கு. சல்லடைல தேய்ச்சா இன்னும் கொஞ்சம் வழவழன்னு வரும்” என்றார். மூன்றாம் முறை வந்தபோது நான் தக்காளி கழுவி முடிப்பதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இடது கையால் சுற்றினால் தோள் வலிக்கவில்லையாம்.