குளிர்ல கார் ஸ்டார்ட் ஆகலையா? பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி இதப் படிங்க

குளிர்ல வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு சொன்னா போதும், கேட்கிற எல்லாரும் "பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க"ன்னுதான் சொல்வாங்க. நிறைய தடவ அது சரியாவும் இருக்கும், ஆனா எல்லா தடவையும் இல்ல. எங்க பெட்ரோல் கார் ஷெட் இல்லாம வெட்டவெளியிலதான் நிக்குது, பல குளிர்காலமா பனியிலயே கெடந்து ஓடிட்டிருக்கு. இத்தன வருஷத்துல எதெல்லாம் உண்மையிலேயே உதவுச்சுன்னு எழுதுறேன்.

மொதல்ல சத்தத்தக் கேளுங்க. சாவி திருப்புனதும் டக்டக்டக்னு வேகமா அடிச்சா பேட்டரில தெம்பு இல்ல, இல்லன்னா டெர்மினல் (பேட்டரில கேபிள் மாட்டுற முனை) சரியா பிடிக்கல. ஒரே ஒரு டக், அதோட அமைதி, டேஷ்போர்டு லைட்டும் மங்காம இருந்தா ஸ்டார்ட்டர் மோட்டார் (இன்ஜின மொதல்ல சுத்தி விடுற மோட்டார்) பக்கம் பாக்கணும். இழுத்து இழுத்து மெதுவா சுத்துனா பேட்டரி வீக், இல்லன்னா கேபிள்ல எங்கயோ தடை இருக்கு. நல்லா வேகமா சுத்துது ஆனா பிடிக்கவே மாட்டேங்குதுன்னா பேட்டரிய விட்ருங்க, பெட்ரோல், ஸ்பார்க், சென்சார்னு தேடுங்க.

குளிர் ரெண்டு பக்கமும் அடிக்குது, அதான் பிரச்சனை. பேட்டரிக்குள்ள நடக்கிற கெமிக்கல் வேலை மந்தமாகி 0 டிகிரிலயே கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சக்தி போயிடும், -18 டிகிரிக்குப் போனா பாதிக்கு மேல காணாமப் போயிடும். அதே நேரத்துல இன்ஜின் ஆயில் கெட்டியாகி, சுத்துறதுக்கு வழக்கத்த விட அதிக கரன்ட் கேக்கும். பேட்டரி மேல சிசிஏன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்களே, அது -18 டிகிரில 7.2 வோல்ட்டுக்குக் கீழ இறங்காம 30 செகண்ட் எவ்வளவு ஆம்பியர் குடுக்கும்ங்கிற கணக்கு, குளிர் ஊர்ல பேட்டரி வாங்குறவங்க மொதல்ல பாக்க வேண்டியது அதத்தான்.

நான் வாங்குனதுலயே அதிகமா உழைச்சது ஒரு சாதாரண மல்டிமீட்டர், வோல்ட் அளக்குற மீட்டர். ராத்திரி முழுக்க நின்ன வண்டில, கதவத் திறந்ததும் எரியிற லைட்டெல்லாம் அணையிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்து, பேட்டரில வச்சுப் பாருங்க. 12.6 வோல்ட் வந்தா ஃபுல் சார்ஜ், 12.2 வந்தா பாதிதான் இருக்கு, 12க்குக் கீழ போச்சுன்னா சார்ஜ் போடாம ஸ்டார்ட் பண்ண முயற்சி பண்ணாதீங்க. அப்புறம் ஒருத்தர ஸ்டார்ட் பண்ணச் சொல்லி அந்த நேரத்துல மீட்டரப் பாருங்க, 9.6க்கு மேல நிக்கணும். ஓடும்போது 13.8ல இருந்து 14.7 வரைக்கும் காட்டுச்சுன்னா பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்றது) நல்லா இருக்குன்னு அர்த்தம் (சில புது வண்டில கம்ப்யூட்டரே இதக் கொஞ்சம் ஏத்தி எறக்கும்).

இந்த மீட்டரோட அருமை எனக்கு முழுசா புரிஞ்சது பேட்டரி புதுசா போட்டதுக்கு அப்புறமும் காலைல இன்ஜின் அதே மாதிரி முக்கி முக்கி சுத்துனப்பதான். ஒர்க்‌ஷாப்ல ஸ்டார்ட்டர் மோட்டார மாத்தணும்னு சொல்லிட்டாங்க. கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி, மீட்டரோட ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ் ஈயக்கட்டை மேலயே வச்சு (கிளாம்ப் மேல இல்ல), இன்னொரு முனைய இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்காரம்மாவ ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். அங்க அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும், 0.2 வந்தா ரொம்ப நல்லது. எனக்கு 1 வோல்ட்டத் தாண்டுச்சு. எர்த் கேபிள் (பேட்டரி நெகட்டிவ்ல இருந்து வண்டி இரும்புக்குப் போறது) பாடில போல்ட் ஆகுற எடத்தக் கழட்டிப் பாத்தா கீழ முழுக்க துரு, கேபிள் முனைல இருக்கிற லக் ஓரமா பச்சையும் வெள்ளையுமா பொடி, கேபிள் உறைய லேசா அமுக்குனா உள்ள கம்பி நொறநொறன்னு உதிருது, பனி உருக ரோட்டுல போடுற உப்புத்தண்ணி அடிச்சு அடிச்சு அப்படி ஆயிருக்கு. புது எர்த் கேபிள் போட்டு, போல்ட் எடத்த வயர் பிரஷ்ல தேய்ச்சு முடுக்குனேன். அதே பழைய ஸ்டார்ட்டர்தான் இன்னைக்கும் ஓடுது. டெர்மினல் கழட்டும்போது நெகட்டிவ் மொதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசில, இது மறக்கக் கூடாது.

மச்சான் வண்டில வேற கத. நல்லா சுத்தும், பிடிக்காது. ஓபிடி ரீடர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருந்து சென்சார் கணக்கப் படிக்கிற கருவி) மாட்டிப் பாத்தோம். ராத்திரி முழுக்க நின்ன வண்டில கூலன்ட் (இன்ஜினக் குளிர வைக்கிற திரவம்) டெம்பரேச்சரும் உள்ள போற காத்தோட டெம்பரேச்சரும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். வெளிய மைனஸ்ல இருக்க கூலன்ட் மட்டும் நல்ல சூடுன்னு காட்டுச்சு. கம்ப்யூட்டர் இன்ஜின் சூடா இருக்குன்னு நம்பி பெட்ரோலக் கொறச்சு விடுது, அப்புறம் எப்படிப் பிடிக்கும்? அந்தச் சென்சார மாத்துனதும் சரியாச்சு.

லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒண்ணு வச்சிருக்கேன், நல்ல சாமான், ஆனா வீட்டுக்குள்ள வைங்க, கார்லயே போட்டா அதுவும் குளிர்ல சோர்ந்துடும், 0 டிகிரிக்குக் கீழ அத சார்ஜும் போடக்கூடாது. இன்னொரு வண்டில இருந்து கேபிள் போடுறதா இருந்தா கடைசி கருப்பு கிளிப்ப டவுன் ஆன வண்டி பேட்டரில மாட்டாதீங்க, தள்ளி இன்ஜின் இரும்புல மாட்டுங்க, பேட்டரி பக்கத்துல ஹைட்ரஜன் வாயு இருக்கும், ஒரு பொறி போதும். சார்ஜ் எறங்குன பேட்டரி -10 டிகிரி வாக்குலயே உறைய ஆரம்பிச்சிடும். பக்கவாட்டுல உப்பியிருந்தா அதுக்கு ஜம்ப்பும் கிடையாது சார்ஜும் கிடையாது, நேரா மாத்திடுங்க, வெடிக்கும்.

ஆயில்ல 10டபிள்யூ-40ல இருந்து 5டபிள்யூ-30க்கு மாறுனேன் (டபிள்யூக்கு முன்னாடி இருக்கிற நம்பர் கொறஞ்சா குளிர்ல ஆயில் அவ்வளவு கெட்டியாகாது), மேனுவல்ல ரெண்டுக்கும் அனுமதி இருந்துச்சு, காலைல சுத்துற வேகத்துலயே வித்தியாசம் தெரிஞ்சுது.

ஒரே மூச்சுல ரொம்ப நேரம் ஸ்டார்ட்டர் அடிக்காதீங்க, 10 செகண்ட் போதும், அப்புறம் ஒரு நிமிஷம் ரெஸ்ட், இல்லன்னா மோட்டார் சூடாகி அதுவும் போயிடும். பெட்ரோல் வாசம் குப்புன்னு அடிச்சா கொஞ்ச நேரம் விட்டுட்டு ஆக்ஸிலரேட்டர முழுசா அமுக்கிக்கிட்டு அடிங்க, நிறைய இன்ஜெக்‌ஷன் வண்டில அப்படிப் பண்ணா பெட்ரோல் கட் ஆகி உள்ள தேங்குனது காயும். டீசல்காரங்க க்ளோ பிளக் (டீசல் பத்திக்க இன்ஜினுக்குள்ள சூடு குடுக்கிறது) லைட் அணையிற வரைக்கும் பொறுங்க, அந்த வண்டில ஈத்தர் ஸ்ப்ரே (சுலபமா பத்திக்கிற ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே) மட்டும் அடிக்கவே அடிக்காதீங்க, க்ளோ பிளக் சூட்டுல கண்ட நேரத்துல பத்திக்கிட்டு இன்ஜினையே ஒடச்சிடும்.

பக்கத்துக் கடை வரைக்கும் மட்டும் ஓடுற வண்டிக்கு ஒரு ஸ்மார்ட் சார்ஜர் வாங்கிடுங்க, ஹீட்டர், பின் கண்ணாடி டீஃபாகர், சீட் ஹீட்டர்னு எல்லாத்தையும் போட்டு கொஞ்ச தூரம் ஓட்டுனா ஸ்டார்ட் பண்ணச் செலவான கரன்ட்கூட திரும்ப ஏறாது.

இப்ப என் பேட்டரி ஸ்டார்ட் பண்ணும்போது 9.8 வரைக்கும் இறங்குது, புதுசுல 10.5க்கு மேல நிக்கும். அடுத்த குளிர் வர்றதுக்குள்ள மாத்திடுவேன், கம்பெனி போட்ட சிசிஏக்குக் கொறையாம, அதே ஏஜிஎம் வகையிலயே (உள்ள ஆசிட்ட கண்ணாடி இழைப் பாய்ல ஊற வச்ச பேட்டரி).