கடலாமை காக்க வெளிநாடு: கொஸ்கொடவா, சென்னையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வு) முடித்த பிள்ளைகள் சிலர், கடலாமைப் பாதுகாப்புக்குத் தொண்டு செய்ய எந்த நாட்டுக்குப் போகலாம் என்று கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் இலங்கையின் கொஸ்கொடவும் கோஸ்டா ரிக்காவும்தான் முன்னே வந்து நிற்கும். நான் தேர்ந்தெடுத்தது சென்னை. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

பயணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கோலாலம்பூரிலிருந்து கொழும்போ சென்னையோ, மூன்றரை நான்கு மணி நேர விமானம். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கொஸ்கொடவில் கட்டணத்தோடு சேர்ந்து வரும். ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். இந்த வசதிகளில் கொஸ்கொட முந்தித்தான் நிற்கிறது.

ஆனால் எந்த இடமானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பொரித்த குஞ்சு எத்தனை மணி நேரத்தில் கடலுக்குப் போகிறது?

மணலைக் கிளறிக்கொண்டு மேலே வரும் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு கொஞ்சம் மிச்சமிருக்கும். அதற்கு அதுதான் கட்டுச்சோறு. அந்தத் தெம்பில் முதல் 24 மணி நேரம் ஓயாமல் நீந்தி, கரையோர மீன்களைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விட வேண்டும். தொட்டியில் போட்டால் அந்த நீச்சல் முழுவதையும் சுவரில் முட்டி முட்டியே தீர்த்துவிடும். நெருக்கத்தில் ஒன்றையொன்று கடிக்கும், கடித்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து விட்டால் வலுவில்லாமல் அலையோரத்திலேயே மிதந்து இரையாகும். பகல் வெளிச்சத்தில் விட்டால் காக்கைக்கும் பருந்துக்கும் இன்னும் எளிது.

கொஸ்கொட இருக்கும் இலங்கையின் தென்மேற்குக் கரையில், ஆமை முட்டைகளைப் புதைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் பொரிப்பகங்கள் பலவற்றில், சுற்றுலாப் பயணிகள் பார்க்கவும் கையால் எடுத்து விடவும் வேண்டும் என்பதற்காகவே குஞ்சுகளைத் தொட்டியில் நிறுத்தி வைக்கிறார்கள். தொண்டராகப் போகிறவருக்குப் பெரும்பாலும் தொட்டி கழுவுவதும் தண்ணீர் மாற்றுவதும்தான் வேலை. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: முட்டை எடுப்பவர்களிடம் இந்தப் பொரிப்பகத்தார் காசு கொடுத்து வாங்காவிட்டால் அந்த முட்டைகளில் பல யார் வீட்டுச் சட்டிக்கோ போயிருக்கும். இலங்கைதான் வேண்டுமென்றால், கூட்டை எடுக்காமல் இருந்த இடத்திலேயே இரவுக் காவல் வைக்கும் ரெக்கவ கடற்கரையைப் பாருங்கள்.

சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் இரவு நடை. ஈர மணலில் பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி) தடத்தைப் பிடித்து, அது முடியும் இடத்தில் கம்பால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். கம்பு சட்டென்று இளகி இறங்கினால் கூடு அங்கே. பிறகு கையால்தான் தோண்ட வேண்டும். ஒரு முழ ஆழத்தில் 100 முட்டைக்கு மேல்கூட இருக்கும்.

இங்கே நேரம்தான் உயிர். முட்டையிட்டுச் சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அதனால் உருட்டாமல், குலுக்காமல் துணிப்பையில் எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில், கழுத்து குறுகி அடி அகன்ற குழியில் வைக்க வேண்டும். முதலில் ஈர மணல், மேலே காய்ந்த மணல். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். அன்றிரவே கடலுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கூட்டை அங்கேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். நாய் தோண்டிவிடும். தப்பிப் பொரித்தாலும் தெருவிளக்கைக் கடல் வெளிச்சம் என்று நம்பிக் குஞ்சுகள் சாலைப் பக்கம் போய்விடும்.

பொரிப்பகத்திலும் கவனம் வேண்டும். மணலின் சூடு ஏறக்குறைய 29 பாகை செல்சியசுக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும், இன்னும் ஏறினால் முட்டையே வெந்துவிடும். நம் திரெங்கானு கரையின் ரந்தாவ் அபாங்கில் 1950களில் ஆண்டுக்கு 10,000 கூடு வைத்த தோணி ஆமை (லெதர்பேக்) இன்று ஏறக்குறைய இல்லாமலே போனதற்கு முட்டை விற்பனையும் மீன்பிடி வலையும் பெரிய காரணம். அங்கிருந்த பொரிப்பகங்களில் பெண் குஞ்சுகளே பொரித்தன என்றும் ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். ஆகவே நிழல்வலை எப்போது போடுகிறீர்கள் என்றும் கேளுங்கள்.

சென்னையின் குறையையும் சொல்கிறேன். தங்க இடம் தரமாட்டார்கள், அறையை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியாருக்கு வார இறுதி நடைதான், ஒரு வாரம் போனால் ஓரிரண்டு இரவு மட்டுமே கிடைக்கும். பல இரவுகளில் கூடே தென்படாது. இழுவலையில் மூச்சு முட்டிச் செத்து ஒதுங்கிய ஆமைகளைப் பார்க்கவும் மனம் தயாராக இருக்க வேண்டும். ஆனால் வழிகாட்டுகிறவரிடம் ஒவ்வொன்றையும் தமிழிலேயே கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

கோஸ்டா ரிக்காவின் டோர்டுகேரோவைப் பற்றி நான் படித்ததோடு சரி. ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சை ஆமைகள் பெருங்கூட்டமாக ஏறும் கரை அது, ஆய்வும் பல பத்தாண்டுப் பழமை. ஆனால் சாலை கிடையாது, படகிலோ சிறு விமானத்திலோதான் போக முடியும். டிக்கெட் காசு தோட்டத்துச் சம்பளக்காரருக்குக் கட்டாது. வெளிநாடுதான் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் ரெடாங் தீவின் சாகார் ஹுத்தாங்கில் மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம் நடத்தும் தொண்டர் வாரத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

சென்னைக்குப் போகிறவர்கள் மார்ச் முதல் பாதியில் போங்கள். அப்போது முட்டையும் வரும், முந்தைய கூடுகளும் பொரிக்கும். டார்ச் விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். கொசு மருந்து பூசிய கையால் முட்டையைத் தொடாதீர்கள். மணலில் விடிய விடிய நடக்க வேண்டும் என்பதால் கழற்றிக் கையில் பிடிக்கக்கூடிய செருப்பே போதும்.